எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

முதல் வேலையில் சேர்ந்து ஏழாவது மாதம். ஒரு மத்தியானம், ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு நான்கு பக்கமாக ஜெராக்ஸ் தாள்கள் வந்தன. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் இருக்கும் யாரோ ஒருவருடைய பிஎச்.டி. ஆய்வு. "சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களின் பணித்திருப்தி" என்று தலைப்பு. முப்பத்தாறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: மிகவும் திருப்தி, திருப்தி, கருத்தில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. மேலே சின்ன எழுத்தில், உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும் என்று ஒரு உறுதிமொழி.

மூன்று மணிக்கு எங்கள் ஹெச்.ஓ.டி. வந்து தாள்களை வாங்கிக்கொண்டார். வாங்கும்போதே ஒவ்வொன்றையும் ஒரு புரட்டு புரட்டினார். கெட்டவரெல்லாம் இல்லை, விட்டுப்போன கட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்திருப்பார். ஆனால் அவர் புரட்டுவார் என்று எங்களுக்கு முன்னாடியே தெரியும். எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா பேனாவைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "ஏம்மா, ரெண்டாவது கட்டத்துலயே வரிசையா அடிச்சிட்டுப் போ. எல்லாத்துக்கும் முதல் கட்டம் அடிச்சா பொய்யின்னு தெரியும். நடுவுல ஒண்ணு ரெண்டு மாத்திக்கோ."

நானும் அப்படித்தான் அடித்தேன். என் அசல் சான்றிதழ்கள் அந்தக் கல்லூரியின் பீரோவில் இருந்தன. சம்பளம் வரும் தேதி மாதாமாதம் மாறிக்கொண்டே இருந்தது. மே மாதம் முழுக்க அட்மிஷன் கேன்வாஸுக்காக ஓமலூர்ப் பக்கம், எடப்பாடிப் பக்கம் வீடு வீடாகப் போய் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் பேச வேண்டும். இத்தனைக்கும் நடுவே, "என் பணிச்சூழல் எனக்கு நிறைவளிக்கிறது" என்ற வாக்கியத்துக்கு எதிரே 'திருப்தி'.

சாயங்காலம் காக்காபாளையத்தில் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி டவுன் பஸ் பிடித்து இளம்பிள்ளை வந்தேன். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: சேலத்திலிருந்து சிவதாபுரம் வழியாக வந்தால் கஞ்சமலை ஓரமாக வரும். அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் தெரிந்துவைத்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சேலைதான் அடையாளம். தெருவில் நடந்தால் பேச்சுக் கேட்காது, தறிச் சத்தம்தான். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். அன்றைக்குக் கைப்பையில் ஒரு தாள் மிஞ்சியிருந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், விளையாட்டாகத்தான். முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுல எங்கியும் கூலி எவ்வளவுன்னு கேக்கவே இல்லியே, கண்ணு?"

கேட்கவில்லைதான். 'என் ஊதியம் நியாயமானது என்று உணர்கிறேன்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. எவ்வளவு, எந்தத் தேதியில், கையெழுத்துப் போட்ட தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றா என்பதற்குக் கட்டம் இல்லை.

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு இரண்டு கல்லூரிகள் மாறினேன். அதே மாதிரித் தாள்களை குறைந்தது ஏழெட்டு முறை நிரப்பியிருப்பேன். அப்பாவின் கேள்வி மட்டும் போகவில்லை. இந்தத் தாள் எங்கிருந்து வந்தது, முதலில் யார் யாரிடம் இதைக் கேட்டார்கள் என்று தேட ஆரம்பித்தது அதனால்தான். நான் வணிகவியல்காரி, வரலாற்று மாணவி அல்ல. ஆனாலும் தேடத் தேட அது ஒரு வரலாறாகவே விரிந்தது.

ஐந்து கட்டங்களின் கதை 1932இல் தொடங்குகிறது. ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு அந்த ஆண்டு அச்சானது. மனப்பான்மையை அளப்பதற்கு அதற்கு முன்பிருந்த முறைகள் மிகவும் சிக்கலானவை. நடுவர்களை வைத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எடை போட வேண்டும். லிக்கர்ட் அதையெல்லாம் தூக்கிப்போட்டார். முழு உடன்பாட்டிலிருந்து முழு மறுப்பு வரை ஐந்து படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு எண், கூட்டிக்கொள். அவ்வளவுதான். இன்றைக்கு உணவு டெலிவரி ஆப் கேட்கும் ஐந்து நட்சத்திரம் வரை அந்த ஏணியின் வாரிசுகள்தான்.

மூன்று வருடம் கழித்து, 1935இல், ராபர்ட் ஹாப்பக் 'பணித்திருப்தி' என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார். உலகம் பெருமந்தத்தில் கிடந்த நேரம் அது. வேலை கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்தபோது, இருக்கிற வேலையில் திருப்தியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற சின்ன ஊரில் வேலையில் இருந்த பெரியவர்களிடம் வீடு வீடாகக் கேட்டார். பெரும்பாலோர் திருப்தி என்றே சொன்னார்கள். நம் ஊர் ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது: அதன் இன்னொரு பகுதி ஆசிரியர்களைப் பற்றியது. ஐந்நூறு பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டு, மிகவும் திருப்தியான நூறு பேரையும் மிகக் குறைந்த திருப்தியுள்ள நூறு பேரையும் பிரித்து ஒப்பிட்டிருக்கிறார். பணித்திருப்தி என்ற துறை பிறந்தபோதே வாத்தியார்களின் மேல்தான் டேப் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்குச் சற்று முன்பு நடந்தது ஹாத்தார்ன் சோதனை. மேலாண்மை படித்த எல்லாருக்கும் தெரிந்த கதை. சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலை. 1927இல் தொலைபேசி ரிலே பூட்டும் பெண்கள் சிலரைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளை கொடுத்து, வேலை நேரத்தைக் குறைத்து, உற்பத்தி எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். உற்பத்தி கூடியது. தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வே வேலையைக் கூட்டியது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். நானும் வகுப்பில் அப்படியே நடத்தியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வரி உண்டு. 1928 ஜனவரியில் அந்தப் பெண்களில் இரண்டு பேரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று அறையிலிருந்து அனுப்பிவிட்டு வேறு இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். திருப்தியில்லாதவர்களை வெளியே அனுப்பிய பிறகு மீதி இருப்பவர்களின் திருப்தியை அளந்தால் நன்றாகத்தானே இருக்கும்?

எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருடம் ஜூன் மாதம் எங்கள் துறையில் மூன்று நாற்காலிகளில் ஆள் மாறியிருந்தார்கள்.

பிறகு வந்தவை எல்லாம் கருவிகள். 1959இல் ஹெர்ஸ்பெர்க்கும் அவர் கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க்கில் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். சம்பளம், மேலதிகாரி, பணிச்சூழல் இவையெல்லாம் கெட்டால் அதிருப்தி வரும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் திருப்தி வந்துவிடாது. சாதனை, அங்கீகாரம், வேலையின் சாரம் ஆகியவைதான் திருப்தி தருபவை. அழகான கோட்பாடு. தமிழ்நாட்டுப் பணித்திருப்தி ஆய்வேடுகளில் இரண்டாம் அத்தியாயத்தில் கட்டாயம் இருக்கும். எனக்கு அதில் ஒரு நெருடல். அந்தக் கணக்காளர்களுக்குச் சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அடித்தளம் உறுதியாக இருக்கும் வீட்டில்தான் ஜன்னல் காற்று போதுமா என்று பேச முடியும்.

1967இல் மின்னசோட்டா வினாநிரல். 1969இல் ஸ்மித், கெண்டால், ஹூலின் மூவரின் 'ஜாப் டிஸ்கிரிப்டிவ் இண்டெக்ஸ்'. 1985இல் பால் ஸ்பெக்டரின் முப்பத்தாறு வாக்கியங்கள். நான் முதலில் நிரப்பிய தாள் இந்தக் கடைசியின் ஏதோ ஒரு பேத்தியாக இருக்க வேண்டும், ஆறு கட்டத்தை ஐந்தாகச் சுருக்கியிருந்தார்கள். இவற்றில் எனக்குப் பிடித்தது 1969இன் கருவி. அதில் வேலையைப் பற்றிய சொற்கள் இருக்கும். பொருந்தினால் ஆம், பொருந்தாவிட்டால் இல்லை, முடிவு செய்ய முடியாவிட்டால் ஒரு கேள்விக்குறி. நல்ல சொல்லுக்கு 'ஆம்' என்றால் 3 மதிப்பெண், 'இல்லை' என்றால் 0. கேள்விக்குறிக்கு? நியாயப்படி நடுவில் ஒன்றரை வர வேண்டும். அவர்கள் கொடுத்தது 1. 'தெரியலை' என்று சொல்பவர் திருப்தியாளரைவிட அதிருப்தியாளருக்குத்தான் பக்கத்தில் இருக்கிறார் என்று தரவுகளைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர்த் தாள்களில் 'கருத்தில்லை'க்குச் சரியாக 3 போட்டு நடுவில் உட்காரவைத்துவிடுகிறோம். பயந்தவர்கள் எல்லாரும் போய் உட்காரும் இடம் அந்த நடுக்கட்டம்தான். அதனால்தான் நம் ஆய்வேடுகளில் முடிவு எப்போதும் 'மிதமான திருப்தி' என்று வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, இந்தத் தாள்கள் வருவதற்கு முன்னால் நம் ஊரில் வாத்தியார்களின் திருப்தி எப்படி இருந்தது?

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்ற இடத்தில் உ.வே.சாமிநாதையர் சேர்ந்தார். சம்பளம் 50 ரூபாய். மடத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவர். அந்தக் காலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் என்பவர் ஆங்கிலம் கற்பிப்பவர்களோடு ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கப்பட்டவர் அல்ல, சம்பளத்திலும் சரி மதிப்பிலும் சரி. அவர் பெயர் நிலைத்தது 1887இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்பால். அது கல்லூரி நேரத்துக்கு வெளியே, சொந்தச் செலவிலும் கடனிலும் அலைச்சலிலும் நடந்தது. அவரிடம் 'உங்கள் பணியில் திருப்தியா' என்று கேட்டிருந்தால் எந்தப் பணியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருப்பார். ஆசிரியர் வேலையில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. சம்பளம் தருகிற வேலை ஒன்று, மனசு போகிற வேலை இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்கும் நாட்கள் ஆசிரியருக்கு நல்ல நாட்கள். மாணவி ஒருத்திக்கு இருப்புநிலைக் குறிப்பு முதல் தடவை இரண்டு பக்கமும் சமமாக வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

சுதந்திரத்துக்குப் பிறகு கமிஷன்கள். 1948-49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு ஆசிரியர்களைப் பேராசிரியர், ரீடர், விரிவுரையாளர், பயிற்றுநர் என்று நான்கு படியாகப் பிரித்து ஊதியம் பேசியது. 1964-66இல் கோத்தாரி கமிஷன். யு.ஜி.சி. வழியாக வந்த ஊதிய விகிதங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு காலக்கோடு கிடைக்கும். விரிவுரையாளருக்கு 1973இலிருந்து 700-1600. 1986இலிருந்து 2200-4000. 1996இலிருந்து 8000-13500. 2016இலிருந்து உதவிப் பேராசிரியரின் தொடக்கம் 57,700. இதில் 1986இன் விகிதம் சும்மா வரவில்லை, 1987இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது.

நம் மாநிலத்தில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1976. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்காற்று) சட்டம், 1976ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம். அதற்கு முன்பு தனியார் கல்லூரி ஆசிரியரின் வேலை நிர்வாகத்தின் முகக்குறிப்பில் இருந்தது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏ.யு.டி., மூட்டா போன்ற சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடிய காலம் அது. அந்தச் சட்டம் வந்த பிறகு, உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆசிரியரை நீக்கவோ பதவியிறக்கவோ முடியாது. இடைநீக்கத்துக்குக் கால வரம்பு வந்தது. சம்பளம் இன்ன முறையில் தரப்பட வேண்டும் என்று எழுதப்பட்டது. இதை எழுதியவர்கள் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்கவில்லை, ஆனால் ஒரு தலைமுறை ஆசிரியர்களின் இரவுத் தூக்கத்தை இந்தச் சட்டம் மாற்றியது. மானியக் கல்லூரிகளில் எழுபது எண்பதுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் பேசிப் பாருங்கள். நிர்வாகியைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்காது. என் தலைமுறையில் டீக்கடையில்கூட குரல் இறங்கும்.

ஏன் இறங்குகிறது? 1984இல் எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த இருபது வருடத்தில் சேலம், நாமக்கல் சமவெளி முகம் மாறிப்போனது. லாரி, கோழிப்பண்ணை, ரிக், தறி என்று பணம் பார்த்த மண், அடுத்து கல்லூரியில் முதலீடு போட்டது. கலை அறிவியல் கல்லூரிகளும் கூடவே முளைத்தன. 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. குறை சொல்ல எனக்கு உரிமை கொஞ்சம் குறைவு. அந்தக் கல்லூரிகள் இல்லையென்றால் தறிக்காரர் மகள் நான் எம்.காம். படித்திருக்க முடியாது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் கல்லூரி வந்ததால்தான் அனுப்பினார்கள். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் டிகிரி முடித்த பெண் கிடையாது. ஆனால் என்னைப் படிக்கவைத்த அதே அமைப்புதான் பிறகு எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதுதான் கதை.

சட்டம் இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 1988இல் உச்ச நீதிமன்றத்தில் சுந்தராம்பாள் வழக்கு. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை, வேலைநீக்கம் செய்யப்பட்டவர். தொழில் தகராறு சட்டப்படி தன் வழக்கைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்டார். நீதிமன்றம் சொன்னதன் சாரம்: பள்ளி ஒரு 'தொழில்' என்றே வைத்துக்கொண்டாலும் ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல. கற்பித்தல் உடலுழைப்பு அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல, அது ஒரு உன்னதப் பணி. அதனால் அந்தச் சட்டத்தின் கதவு ஆசிரியருக்குத் திறக்காது. ஆசிரியர்களுக்கு வேறு ஏதாவது பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது, அது வேறு விஷயம். 2004இல் பணிக்கொடைச் சட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது, ஆசிரியர் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டு அதைச் சரிசெய்தது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்துப் போய், 2022இல்தான் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது.

அதாவது எங்கள் வீட்டில் அப்பா தொழிலாளி, நான் தொழிலாளி இல்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா சாமி, அதுக்குத்தான் படிக்கவெச்சேன்" என்றார். அந்த வருடம் அவர் கூலி சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டு மாதம் பாக்கி. நான் அதைச் சொல்லவில்லை.

அரசுக் கல்லூரிகளின் பக்கம் போனால் அங்கே இன்னொரு சொல். 'கௌரவ விரிவுரையாளர்.' தமிழில் இதைவிடக் குரூரமான பதவிப் பெயரை நான் பார்த்ததில்லை. 2019 ஜனவரியில் யு.ஜி.சி. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று வழிகாட்டியது. தமிழ்நாட்டில் மாதத் தொகுப்பூதியம் 20,000ஆகவும் பின்னர் 25,000ஆகவும் இருந்தது, அதுவும் வருடத்துக்குப் பதினொரு மாதம். பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்துகிற நிரந்தர ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 என்பதை மேலே எழுதியிருக்கிறேன். பணித்திருப்தி என்பது பாதி ஒப்பீடு. இதைச் சொல்ல ஹெர்ஸ்பெர்க் தேவையில்லை, பக்கத்துத் தறிக்காரரின் கூலி தெரிந்த எந்த நெசவாளியும் சொல்வார்.

ஆசிரியரை அளக்கும் ஆசை இத்தோடு நிற்கவில்லை. 2010இல் யு.ஜி.சி. கொண்டுவந்த ஏ.பி.ஐ. புள்ளிகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கட்டுரைக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு. கட்டுரை எழுதினால் புள்ளி என்றதும் காசுக்குக் கட்டுரை போடும் இதழ்கள் முளைத்தன. கட்டுரைக்கு என்ன தலைப்பு எடுப்பது? கள ஆய்வு சுலபமாக இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செலவோடு முடிய வேண்டும். கையருகே கிடைக்கும் மக்கள் சக ஆசிரியர்கள். ஆகவே பணித்திருப்தி. ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள், கல்லூரி ஆசிரியர்களின் பணித்திருப்தி பற்றி எத்தனை ஆய்வேடுகள் என்று. புள்ளிக்காகத் திருப்தியில்லாமல் எழுதிய ஆசிரியர், பயத்தில் திருப்தி என்று டிக் அடித்த ஆசிரியரைப் பற்றி எழுதியவை அவற்றில் கணிசமாக இருக்கும். 2018 விதிகளில் அந்தப் புள்ளிமுறையைக் கைவிட்டுத் தளர்த்தினார்கள். ஆய்வேடுகள் தளரவில்லை.

இன்னொன்று. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கில் இருக்கிறார்கள் என்று. சிலர் பெயர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது இதுதான்: இவர்களிடமும் யாராவது வினாநிரல் கொடுத்து வாங்கியிருப்பார்களா? எந்தக் கல்லூரித் திருப்தியைச் சொல்லியிருப்பார்கள்?

இத்தனையும் படித்துச் சோர்ந்திருந்த நேரத்தில்தான் நான்சி ஹாப்கின்ஸின் கதை கிடைத்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உயிரியல் பேராசிரியை. 1990களின் முற்பகுதியில் ஸீப்ரா மீன்களை வைத்து ஆய்வு தொடங்க அவருக்கு இருநூறு சதுர அடி கூடுதல் இடம் தேவைப்பட்டது. கேட்டார், கிடைக்கவில்லை. உனக்கு ஏற்கனவே மற்றவர்களுக்கு இருக்கிற அளவு இடம் இருக்கிறது என்றார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கட்டடத்தில் இருந்த ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளந்தார். தனக்கு ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி. தன் அளவுக்கு மூத்த ஆண் பேராசிரியர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இளம் ஆண் ஆசிரியர்களுக்குக்கூட அவரைவிட அதிகம்.

1994இல் பெண் பேராசிரியர்கள் பதினாறு பேர் சேர்ந்து டீனிடம் எழுதிக் கொடுத்தார்கள். குழு அமைந்தது. சம்பளம், இடம், விருது, குழுக்களில் பங்கு என எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார்கள். 1999இல் வெளியான அறிக்கை பாரபட்சம் இருந்தது என்று ஒப்புக்கொண்டது. நிர்வாகமே ஒப்புக்கொண்டதுதான் அன்றைக்குச் செய்தி. சம்பளங்கள் திருத்தப்பட்டன, இடங்கள் கிடைத்தன. அந்த அறிக்கையில் ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். இளம் பெண் ஆசிரியர்கள் பெரும்பாலும் திருப்தியாகவே இருந்தார்கள். தங்களுக்குப் பாரபட்சம் எதுவும் இல்லை, அதெல்லாம் போன தலைமுறையோடு முடிந்தது என்று நம்பினார்கள். மூத்தவர்கள்தான் ஓரங்கட்டப்பட்டதை உணர்ந்தார்கள். அந்த மூத்தவர்களும் இளமையில் இவர்களைப் போலவே திருப்தியாக இருந்தவர்கள். முதல் வருடத்திலேயே தாளை நீட்டியிருந்தால் எல்லாரும் இரண்டாவது கட்டத்தில் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள், யாரும் பயமுறுத்தாமலே.

எம்.ஐ.டி.யை இளம்பிள்ளையோடு சேர்த்துப் பேசுவது கொஞ்சம் அதிகம்தான். அவர்களுக்கு நிரந்தர வேலை இருந்தது, அளந்தால் யாரும் வெளியே அனுப்ப முடியாது. எங்கள் ஊரில் டேப்போடு நடந்தால் அடுத்த ஜூனில் நாற்காலியில் ஆள் மாறியிருக்கும். அளப்பதற்கே முதலில் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. 1976 சட்டம் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பிஎச்.டி. சேர்ந்திருக்கிறாள், பகுதி நேரம். தலைப்பை நான் கேட்கவே வேண்டியதில்லை. கையில் முப்பத்தாறு வாக்கியங்கள். "மேம், பைலட் ஸ்டடிக்கு உங்ககிட்டதான் ஃபர்ஸ்ட்" என்றாள். ஆக்ராவில் அச்சாகும் ரெடிமேட் அளவுகோல் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. பட்டம் அவளுக்கு வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று வீட்டில் நெருக்குகிறார்கள். ஆனால் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். தாளை ஹெச்.ஓ.டி. வழியாகக் கொடுக்காதே, வாங்காதே. பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், பேப்பர் திருத்தும் முகாமில் வைத்து ஆளைப் பார். வேலையை விட்டுப் போனவர்களையும் சேர்த்துக்கொள், அவர்கள்தான் ஹாத்தார்ன் அறையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். உணர்வைக் கேட்பதற்கு முன்னால் எண்ணக் கூடியதைக் கேள். போன வருடம் பன்னிரண்டு மாதமும் சம்பளம் எந்தெந்தத் தேதியில் வந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, யு.ஜி.சி. உதவிப் பேராசிரியருக்குச் சொல்வது பதினாறு மணி நேரம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேன்வாஸ் போனார். அசல் சான்றிதழ் யார் பீரோவில் இருக்கிறது. பெண்களுக்குக் கழிப்பறை ஸ்டாஃப் ரூமிலிருந்து எத்தனை மாடி.

அவள் எழுதிக்கொண்டே வந்தாள். "மேம், இதுக்கெல்லாம் ரிலையபிலிட்டி எப்பிடிப் பாக்குறது? குரான்பேக் ஆல்ஃபா வருமா?" என்றாள். தேதிக்கு எதற்கம்மா ஆல்ஃபா என்றேன். கைடு ஒத்துக்கொள்ளமாட்டார் என்றாள். முப்பத்தாறையும் வைத்துக்கொள், இதை முன்னால் ஒரு பக்கமாகச் சேர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு என்றேன். அரைமனதோடு தலையாட்டினாள்.

அப்பா இப்போது தறி ஓட்டுவதில்லை. காது பாதி போய்விட்டது, நாற்பது வருடத் தறிச் சத்தம். அவர் திண்ணையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறாள் என்று சைகையில் கேட்டார். காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

"கூலி கேட்டிருக்காளா?"

"கேட்டிருக்காப்பா. தேதியோட."

அவள் புதுப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். பேனாவைத் திறந்து, ஜனவரி என்ற வரிக்கு எதிரே என்ன தேதி என்று நினைவுபடுத்த முடியாமல், வங்கி ஆப்பைத் திறந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். பன்னிரண்டு மாதத்தையும் நிரப்ப இருபது நிமிடம் ஆனது. நிரப்பி முடித்தபோது தாளில் பன்னிரண்டு தேதிகள் இல்லை, ஒன்பதுதான் இருந்தன. மீதி மூன்று வரிகளில் என்ன எழுதுவது என்று அவளிடம் கேட்டேன். காலியாக விடலாமா, சைபர் போடலாமா என்று அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.